நீலம் இரண்டாம் பாத்தி

“இடையில மறிக்காத புள்ள. மறிச்சியெண்டா நான் திரும்ப வெள்ளையில இருந்துதான் வரணும்” என்று சொல்லிவிட்டு, இலட்சுமிப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிக்கத் தொடங்கினாள்.

வந்தாறுமூலையில், பல்கலைக்கழக மதிலோரம் மூன்று பேர் குந்தியிருந்தார்கள். ஏறாவூர் ஹிதாயா கொப்பியை முழங்காலில் வைத்து எழுதினாள். அவளோடு படிக்கும் மங்கையற்கரசி ஒரு கண்ணை அம்மாவின் வாயிலும் மற்றக் கண்ணைக் கைமணிக்கூட்டிலும் வைத்திருந்தாள். நேரம் ஒன்பது நாற்பது. பத்து மணிக்கு மண்ணியல் பரீட்சை. கால் மணித்தியாலம் பிந்தினால் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள்.

“வெள்ளை முதலாவது ரெண்டு நானூறு. வெள்ளை ரெண்டாவது ரெண்டு முந்நூறு. வெள்ளை மூண்டாவது ரெண்டு ஐந்நூறு. சிவப்பு முதலாவது மூண்டு. சிவப்பு ரெண்டாவது மூண்டு நூறு…”

பச்சைக்கு வந்தபோது வாசல் காவலாளி வந்து, வழியில் இருக்கக்கூடாது, அங்கால் தள்ளிப் போங்கள் என்றார். அவ்வளவுதான். இலட்சுமிப்பிள்ளையின் வாய் நின்றது. மூவரும் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போனார்கள்.

“மாமி, வெள்ளையும் சிவப்பும் எழுதிட்டன். பச்சையில இருந்து செல்லுங்க” என்றாள் ஹிதாயா.

“அப்பிடி வராது மகள். கோத்து வெச்சிரிக்கன். நடுவில புடிச்சா அறுந்திரும்.”

மறுபடியும் வெள்ளை முதலாவது. மங்கையற்கரசி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் அதிலும் ஒரு நன்மை இருந்தது. இரண்டாம் தரம் சொன்னதும் முதல் தரம் சொன்னதும் ஒரு கிராம் பிசகவில்லை.

“…நீலம் முதலாவது நாலு நூறு. நீலம் ரெண்டாவது ஒண்டு தொளாயிரம். நீலம் மூண்டாவது நாலு முந்நூறு. நிறைஞ்சுது.”

ஹிதாயாவின் பேனை நின்றது. ஒன்றா நாலா என்று கேட்டாள்.

“ஒண்டு தொளாயிரம்” என்றாள் இலட்சுமிப்பிள்ளை. “நிறைஞ்சுது எண்டு சொல்லிட்டனே.”

தயிர்ச் சட்டியை மகளிடம் கொடுத்தாள். பட்டிருப்புப் பாலத்துச் சென்ரியில் மறித்துச் சோதிக்கும் ஆமிக்காரன் தயிருக்குள் கம்பியை விட்டுக் கிண்டிப் பார்த்தான், ஆடை கலைந்து போயிற்று, அதற்குத் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்றாள். பாலம் மூன்று மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே மட்டக்களப்பு பஸ்ஸுக்கு ஓடினாள். மங்கையற்கரசி சட்டியோடும் ஹிதாயா கொப்பியோடும் பரீட்சை மண்டபத்துக்கு ஓடினார்கள்.

வாவிக்கு மேற்கே, பழுகாமத்தில் அவர்கள் வீடு. வாவிக்குக் கிழக்கே ஆமி, மேற்கே இயக்கம். நடுவே பாலமும் சென்ரியும். மேற்கே கொண்டுபோகக்கூடாத சாமான்களின் பட்டியலில் யூரியாவும் இருந்தது. வெடிமருந்துக்கு உதவும் என்று தடை. பசளை இல்லாமல் மேற்குக்கரை வேளாண்மை ஆண்டுக்காண்டு விளைச்சல் குறைந்துகொண்டு வந்தது.

இறுதியாண்டு ஆய்வுக்கு மங்கையற்கரசி எடுத்துக்கொண்டது இதைத்தான். யூரியா இல்லாமல் என்ன செய்யலாம்? அப்பா கதிர்காமத்தம்பியின் வயலில், பத்தடிக்குப் பத்தடியாகப் பன்னிரண்டு பாத்திகள் பிடித்தாள். மூன்று பாத்திக்கு ஒன்றும் போடவில்லை, அதற்கு வெள்ளைத் துணி. மூன்றுக்கு மாட்டெரு, சிவப்பு. மூன்றுக்குத் தழை, பச்சை. மூன்றுக்கு எருவும் தழையும் சேர்த்து, நீலம். துணியெல்லாம் அம்மாவின் பழைய சேலைக் கரைகள். வட்டை வயல்வெளியில் போகிற வருகிற ஆட்களெல்லாம், கதிர்காமத்தம்பியர் என்ன, வயலுக்கும் கொடியேற்றித் திருவிழாச் செய்கிறாரோ என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மகள் சொன்னபடி எருவை நிறுத்துப் போட்டார். தழையையும் நிறுத்துப் போட்டார். தராசு அவரிடமே இருந்தது.

மாசி மாதம் கதிர் முற்றியது. வெட்டுக்கு மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு வருவேன் என்று மகள் சொல்லியிருந்தாள். அந்தக் கிழமைதான் அவளுக்குப் பரீட்சைகள் தொடங்கின. அதே கிழமைதான் மேற்கே இரண்டு இரவு வெடிச்சத்தம் கேட்டது. பாலத்தைப் பூட்டினார்கள். ஒன்பது நாள். முற்றின நெல் பாலம் திறக்கும்வரை காத்திருக்குமா? வெட்டினார்கள். பத்தாம் நாள் பாலம் திறந்ததும் இலட்சுமிப்பிள்ளை பன்னிரண்டு தொகையையும் வாயில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

ஏன் எழுதிக்கொண்டு வரவில்லை என்று பிறகு ஒரு நாள் ஹிதாயா கேட்டாள். சிவப்பு ஒன்று, நீலம் இரண்டு என்று நிறமும் நம்பருமாக எழுதின துண்டொன்று சென்ரியில் அகப்பட்டால், அது நெல்லுக் கணக்கென்று எந்த ஆமிக்காரனுக்கு எந்தப் பாஷையில் விளக்குவது என்று மங்கையற்கரசி திருப்பிக் கேட்டாள்.

சித்திரையில் ஆய்வறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் நீலம் இரண்டு அவளைப் பிடித்துக்கொண்டது. வெள்ளை ஒழுங்கு. சிவப்பு ஒழுங்கு. பச்சை இன்னும் ஒழுங்கு. நீலத்தில் ஒன்றும் மூன்றும் நாலு கிலோவைத் தாண்டி நிற்க, இரண்டாவது மட்டும் ஒன்று தொளாயிரத்தில் கிடந்தது. ஒன்றும் போடாத பாத்தியைவிடக் குறைவு. சராசரியை எடுத்தால் நீலம் சிவப்போடும் பச்சையோடும் கலந்துவிட்டது. எருவும் தழையும் சேர்ந்தால் யூரியாவுக்குக் கிட்ட வரும் என்று சொல்லத்தான் இவ்வளவு பாடும். அந்த ஒரு தொகை எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டது.

மேற்பார்வை செய்த விரிவுரையாளர், தொகையை மீண்டும் ஒருக்கால் சரிபார்த்தால் நல்லது என்று மரியாதையாகச் சொன்னார். ஹிதாயா மரியாதை பார்க்கவில்லை.

“நாலு இருநூறு எண்டு போடுகா. ஆரு போய் நிறுக்கப் போறா?”

மங்கையற்கரசி பென்சிலால் நாலு இருநூறு என்று எழுதியும் பார்த்தாள். எவ்வளவு அழகாக இருந்தது. அரை மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழித்தாள்.

“ஏன்கா?”

“அஞ்சு சென்ரி தாண்டி வாயில கொண்டு வந்தவ. ரெண்டு தரம் கேட்டம், ரெண்டும் ஒண்டு. அத நான் மாத்தினா மற்றப் பதினொண்டையும் ஆர் நம்புவாங்க? நானே நம்பமாட்டன்.”

“அப்ப பெயில் ஆகு” என்றாள் ஹிதாயா. சொல்லிவிட்டு அன்று முழுவதும் கூட இருந்து அட்டவணைகளைத் தட்டச்சுப் பண்ணிக் கொடுத்தாள்.

வைகாசியில் வாய்மொழிப் பரீட்சை. வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் தலை நரைத்தவர், அமைதியானவர். நாற்பது பக்கத்தையும் புரட்டிவிட்டு நேரே அந்த வரியில் விரலை வைத்தார். தொகை பிழையா, பாத்தி பிழையா என்று கேட்டார். தொகை சரி என்றாள். எப்படித் தெரியும் என்றார்.

“அம்மா சொன்னவ, சேர்.”

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வயலில் தொகை குறைவது குற்றமில்லை, ஆனால் எந்தக் குறைவுக்கும் ஒரு காரணம் இருக்கும், அது தெரியாமல் நீ விஞ்ஞானி ஆக முடியாது என்றார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் காரணத்தை எழுத்தில் கொடு. இல்லாவிட்டால் அடுத்த மாரியில் பாத்தி பிடித்து எல்லாவற்றையும் திரும்பச் செய். அன்றைக்குப் புதன்கிழமை.

அடுத்த மாரி என்றால் இன்னும் ஒரு வருசம். அடுத்த மாரி பாலம் திறந்திருக்கும் என்று யார் எழுதித் தருவார்கள்? பழுகாமத்தில் அவள் வயதுப் பெட்டைகளில் பாதிப்பேர் இயக்கத்தோடு போய் ஊரிலேயே இல்லை. படித்து முடித்து ஒரு வேலையோடு கிழக்குக்கரையில் நின்றாலொழிய அவளை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள் என்று சொல்ல முடியாது. அவள் விடுதிக்குக்கூடப் போகாமல் பஸ் ஏறினாள்.

பாலம் பூட்ட இருபது நிமிடம் இருக்க அதைக் கடந்து, கச்சான் காற்று அள்ளிக் கொட்டும் புழுதியில் நடந்து வீட்டுக்குப் போனபோது, தலைமயிரெல்லாம் செம்மண். அம்மாவின் தம்பி அருமைநாயகம் வந்திருந்தார். அவர் வாவியில் வலை வீசிக்கொண்டு வந்த ஓரா மீனை அம்மா குழம்பு வைத்திருந்தாள். புதுநெல்லுப் புழுங்கல் சோறு, கீரைச் சுண்டல், தயிர். நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

நீலம் இரண்டு ஏன் குறைந்தது என்று அவள் கேட்டாள். கதிர்காமத்தம்பியின் கை சோற்றிலேயே நின்றது.

“பண்டிதான் மகள்” என்றார் அருமைநாயகம். “பண்டி விழுந்து கிளறிப் போட்டுது.”

“தண்ணி நிண்டு அழுகிப் போச்சு” என்றாள் இலட்சுமிப்பிள்ளை அதே நேரத்தில்.

கதிர்காமத்தம்பி, சூடடிக்கக் களத்துக்குத் தூக்கக்குள்ள சிந்திற்று என்றார்.

மங்கையற்கரசி மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப பண்டி திண்ட நெல்லு தண்ணியில அழுகி, மறுகா போற வழியில சிந்தியும் போச்சாக்கும். நல்ல காரணம் மாமா. சேர் வாசிச்சா பட்டத்தோட பதக்கமும் தருவார்.”

மாமா மீன் முள்ளை மிகக் கவனமாக எடுத்தார். பன்றி வந்தால் ஒரு பாத்தியோடு நிற்காது, தண்ணீர் நின்றால் பக்கத்துப் பாத்தியும் அழுகும், அந்தப் பரீட்சகர் இதையெல்லாம் கரைத்துக் குடித்தவர் என்று அவள் விளக்கினாள். காரணம் இல்லாவிட்டால் ஒரு வருசம் போய்விடும் என்றும் சொன்னாள். விடிய எழுந்து வட்டைக்குப் போய்த் தானே பார்க்கிறேன் என்றாள்.

“வட்டைக்குப் போகாத” என்றார் அப்பா.

ஏன் என்று கேட்டதற்கு, இப்ப அங்க என்ன இரிக்கி, வெட்டின ஒட்டுத்தான் கிடக்கு என்றார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். பாதிச் சோறு கோப்பையில் இருந்தது. அவர் அப்படி விட்டு எழும்புகிற மனிதர் இல்லை.

வியாழக்கிழமை விடிந்தது. இலட்சுமிப்பிள்ளை அவித்த நெல்லை முற்றத்துப் பாயில் பரப்பி, காலால் கிண்டிக்கொண்டு நடந்தாள். மங்கையற்கரசி கம்போடு கோழிகளைத் துரத்தினாள். பத்து மணிக்குப் புறப்பட வேண்டும். கையில் ஒரு காரணமும் இல்லை. எழுதவேண்டிய தாளின் மேலே திகதி மட்டும் இருந்தது.

அவள் விடவில்லை. அம்மாவின் பின்னால் பாயைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தராசு பிழையா? இல்லை. கட்டுகள் மாறிப்போச்சா? இல்லை. அப்பா சரியாகப் பார்க்கவில்லையா?

அது இலட்சுமிப்பிள்ளைக்குச் சுட்டுவிட்டது. “கொப்பர் குழந்தப்புள்ளயத் தூக்கிறாப்போலத் தூக்கி நிறுத்த மனிசன். வெட்டின இடத்துக்கு அந்தத் தொகை சரிதான்.”

மங்கையற்கரசி கம்பைக் கீழே போட்டாள்.

“வெட்டின இடத்துக்கோ? அப்ப வெட்டாத இடமும் இரிந்ததா?”

இலட்சுமிப்பிள்ளை நெல்லைக் கிண்டினாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. பிறகு, ஓம், கொஞ்சம் விட்டுத்தான் வெட்டினது என்றாள்.

“இத ஏன் அண்டைக்கே சொல்லல்ல?”

“பொலி களத்தில கிடக்கக்குள்ள அதில குறை எண்டு வாயால சொல்றதா? புதிர்கூட உண்ணல்ல. என்ன புள்ள கதைக்காய்?”

மங்கையற்கரசி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நெல் களத்தில் கிடக்கும்வரை இல்லை, குறை, முடிந்தது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். முதல் சோறு பொங்கி, புதிர் உண்ட பிறகுதான் வாய் திறக்கும். அது அவளும் வளர்ந்த வழக்கம்தான். அன்று அம்மா களத்திலிருந்து நேரே வந்தவள். சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று மாதம், ஒரு வாய்மொழிப் பரீட்சை, கிட்டத்தட்ட ஒரு பட்டம்.

எவ்வளவு விட்டது என்று கேட்டாள். கொப்பரைக் கேள் என்றாள் அம்மா.

கதிர்காமத்தம்பி வேலிக்குக் கதியால் நட்டுக்கொண்டிருந்தார். மகள் வந்து நின்றதும் அலவாங்கை ஊன்றினார். அவள் மூச்சு விடாமல் சொன்னாள். விட்டு வெட்டியதில் பிழை ஒன்றும் இல்லை, விட்ட பரப்பின் அளவு தெரிந்தால் போதும், மிச்சத்தைக் கணக்கிலே சரிக்கட்டலாம். அளவு மட்டும் வேணும் அப்பா, குத்துமதிப்பாகச் சொன்னாலும் போதும்.

“குத்துமதிப்பு இல்ல. அளந்துதான் விட்டது. ஆறடிக்கு ஒம்பதடி.”

அவள் வேலியோரம் குந்தி, தாளை முழங்காலில் வைத்துக்கொண்டாள். ஆறு ஒன்பது ஐம்பத்துநாலு. நூறில் ஐம்பத்துநாலு போனால் நாற்பத்தாறு. நாற்பத்தாறு சதுர அடியில் ஒரு கிலோ தொளாயிரம் என்றால் நூறு அடிக்கு? இரண்டு தரம் பெருக்கி வகுத்தாள். நாலு கிலோ நூற்றிமுப்பது.

நீலம் ஒன்று நாலு நூறு. நீலம் இரண்டு நாலு நூற்றிமுப்பது. நீலம் மூன்று நாலு முந்நூறு.

எருவும் தழையும் வேலை செய்திருக்கிறது. மேற்குக்கரை வயலில் யூரியா இல்லாமல் இந்த விளைச்சல் எடுக்கலாம். தொகையும் பிழையில்லை, பாத்தியும் பிழையில்லை, அப்பாவின் தராசும் பிழையில்லை. நாளை மூன்று மணிக்கு அந்த மேசையில் இந்தத் தாளை வைக்கலாம். அவள் குந்திய இடத்திலேயே எழுதத் தொடங்கினாள். அறுவடை செய்யப்பட்ட பரப்பு, நாற்பத்தாறு சதுர அடி. அறுவடை செய்யப்படாத பரப்பு, ஐம்பத்துநாலு சதுர அடி. காரணம் என்று எழுதி, இரண்டு குற்று வைத்தாள்.

“இதுக்கும் ஒரு வரி வேணும் அப்பா. ஏன் விட்ட நீங்க?”

கதிர்காமத்தம்பி வேலிக்கு அப்பால் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். முற்றத்தில் இலட்சுமிப்பிள்ளை நெல்லைக் கிண்டுவதை நிறுத்தியிருந்தாள்.

“பேனைய மூடு” என்றார்.

அவள் மூடினாள்.

வெடிச்சத்தம் கேட்ட இரண்டாம் இரவு விடிய, மாமாவும் அவரும்தான் வெட்டப் போனார்கள். வெட்டுக்காரர் ஒருவரும் வரவில்லை. வெள்ளை, சிவப்பு, பச்சை என்று மகள் சொன்ன வரிசையிலேயே வெட்டினார்கள். நீலம் ஒன்றும் முடிந்தது. நீலம் இரண்டில் ஒரு பக்கத்தால் ஏறிப் பாதிக்குப் போனபோது மாமாவின் தாக்கத்தி நின்றது. அதற்குள் ஆள் கிடந்தது. மூச்சில்லை. இதையெல்லாம் அவர் கதியாலைப் பார்த்துக்கொண்டு, தண்ணி பாய்ச்சும் முறையைச் சொல்கிறமாதிரிச் சொன்னார்.

“ஆர் அப்பா?”

“தெரியா. ஆமி உடுப்புமில்ல, இயக்கப் பொடியன்மார்ர உடுப்புமில்ல. அவனுக்குச் சொன்னா இவன் கேப்பான், இவனுக்குச் சொன்னா அவன் கேப்பான். ஆருக்குச் சொல்ற? நெல்லு நிண்டாத்தான் மறைப்பு. அதால அந்த மட்டுக்கு வெட்டாம விட்டம். அடுத்த நாள் பொழுதுபடக்குள்ள அதிலயே குழி வெட்டித் தாட்டம். உனக்குத் தராசுக்கணக்கு வேணுமெண்டு சொன்னாய்தானே, வெட்டினத அப்பிடியே நிறுத்து வெச்சன்.”

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். நாற்பத்தாறு. ஐம்பத்துநாலு. ஆறடி நீளம் விளங்கிற்று.

“ஒம்பதடி அகலம் ஏனப்பா?”

கதிர்காமத்தம்பி அலவாங்கை எடுத்தார். அடுத்த குழிக்கு மண்ணைக் கிண்டினார். பிறகுதான் சொன்னார்.

“மூண்டு பேர் மகள். ஆளுக்கு மூண்டடிப்படி விட்டம்.”